அஞ்சு பர்சன்ட் ஹீரோ: 'மை ஹீரோ அகாடெமியா' பார்த்து முடித்த ஒரு பிசியோவின் விமர்சனம்

போன வருடம் என் கிளினிக்குக்குப் பதினாறு வயதுப் பையன் ஒருவன் வந்தான். பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்து, பிளேட் வைத்து, கட்டுப் பிரித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. லைசென்ஸ் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. விரல்கள் ஐந்தும் விறைத்துப்போயிருந்தன. பேனா பிடிக்க வராது, சட்டைப் பொத்தான் போட வராது. மெழுகு ஒத்தடம் கொடுத்து ஒவ்வொரு விரலாக மடக்கும்போது தெருவுக்கே கேட்கக் கத்துவான். நாலாம் நாள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, இன்னைக்கு அஞ்சு பர்சன்ட் போதும். டெகுவே அஞ்சு பர்சன்ட்லதான் ஆரம்பிச்சான்" என்றான்.

டெகு யார் என்று கேட்டது என் தப்பு. அதற்கு நான் கொடுத்த விலை 170 எபிசோட்.

மாலை கிளினிக் மூடி, சாப்பிட்டு, பாத்திரம் ஒதுக்கிவிட்டுத் தினம் இரண்டு. ஜப்பானிய ஒலி, ஆங்கில சப்டைட்டில், ஃபோன் திரை. ஆரம்பப் பாட்டு, முடிவுப் பாட்டு எல்லாம் தள்ளிவிட்டுப் பார்த்தாலே அறுபது மணி நேரம் போல வரும். அவ்வளவு நேரம் செலவழித்த பிறகு ஒரு விமர்சனம்கூட எழுதாவிட்டால் எப்படி?

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கோஹேய் ஹொரிகோஷி வரைந்த மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை இது. ஷோனென் ஜம்ப் வார இதழில் 2014 ஜூலையில் தொடங்கி 2024 ஆகஸ்டில் முடிந்தது. 430 அத்தியாயம், 42 புத்தகம். போன்ஸ் ஸ்டுடியோ அதை அனிமேவாக, அதாவது கார்ட்டூன் தொடராக எடுத்து 2016இல் தொடங்கியது. கடைசி சீசன் 2025 டிசம்பரில் நிறைவடைந்தது. கதை நடக்கும் உலகத்தில் நூற்றுக்கு எண்பது பேருக்கு ஏதாவது ஒரு சக்தி உண்டு. ஜப்பானிய மொழியில் அதற்கு 'கொசேய்' என்று பெயர். தனித்தன்மை என்று அர்த்தம். ஆங்கிலத்தில் 'க்வர்க்' ஆக்கிவிட்டார்கள். எனக்கு முதல் சொல்தான் பிடிக்கிறது. தனித்தன்மை எல்லோருக்கும் இருக்கிறது, உனக்கு மட்டும் இல்லை என்று ஒரு குழந்தையிடம் சொன்னால் எப்படி இருக்கும்?

அப்படித்தான் தொடங்குகிறது. நாலு வயது இசுகு மிடோரியாவை அம்மா டாக்டரிடம் கூட்டிப்போகிறாள். இவன்தான் டெகு, அது பட்டப்பெயர். டாக்டர் பாதத்தின் எக்ஸ்ரேயைக் காட்டுகிறார். கால் சுண்டுவிரலில் இரண்டு மூட்டு இருக்கிறது, சக்தி உள்ளவர்களுக்கு அந்தக் கூடுதல் மூட்டு இருக்காது, ஆகவே இந்தப் பையனுக்கு எதுவும் வராது, விட்டுவிடுங்கள் என்கிறார். பையன் கையிலிருந்த பொம்மை கீழே விழுகிறது.

நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். காரணம், அந்த மூட்டு விஷயம் முழுக்கக் கற்பனை இல்லை. நிஜ மனிதர்களிலேயே பலருக்குச் சுண்டுவிரலின் கடைசி மூட்டு இருக்காது. இரண்டு எலும்புகள் ஒன்றாகவே இருக்கும். நோய் கிடையாது, சாதாரண வேறுபாடு. பாத எக்ஸ்ரே பார்த்துப் பழகிய யாருக்கும் தெரியும். அதை எடுத்து ஒரு குழந்தையின் தலையெழுத்தாக மாற்றியிருக்கிறார் ஹொரிகோஷி. வானத்திலிருந்து விழுந்த கல், கதிர்வீச்சு, ரகசியச் சோதனைக்கூடம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு சுண்டுவிரல் போதுமாக இருந்திருக்கிறது.

அதற்கு அடுத்த காட்சிதான் என்னைப் பிடித்து உட்காரவைத்தது. இருட்டறையில் கம்ப்யூட்டர் முன்னால் பையன் உட்கார்ந்திருக்கிறான். ஆல் மைட் என்ற நம்பர் ஒன் ஹீரோ இடிபாட்டிலிருந்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வரும் பழைய வீடியோ ஓடுகிறது. அழுதுகொண்டே அதைக் காட்டி, "நானும் ஹீரோ ஆக முடியுமா?" என்று கேட்கிறான். அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டு, மன்னித்துவிடு, மன்னித்துவிடு என்கிறாள். வளர்ந்தபின் அவன் நினைத்துப் பார்க்கிறான்: அன்றைக்கு நான் கேட்க விரும்பியது அது இல்லை அம்மா.

என் தொழிலில் வாரத்துக்கு ஒரு அம்மாவாவது இப்படி அழுவாள். பிள்ளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். எந்த வாக்கியத்தைச் சொல்லக்கூடாது என்று எனக்கு இருபது வருடத்தில் ஓரளவு தெரிந்திருக்கிறது. எதைச் சொல்லவேண்டும் என்று இன்னும் சரியாகத் தெரியாது. தொடரில் அதை ஆல் மைட் இரண்டாம் எபிசோடில் சொல்கிறார். அப்போது டெகு தெருவில் மண்டியிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். கார்ட்டூன் பார்த்து அழுவதற்கு எனக்கு வயது நாற்பத்தாறு.

சரி, ரசிகர்கள் ஏன் இதில் இப்படி விழுகிறார்கள்? சண்டை, உடை, பாட்டு எல்லாம் உண்டுதான். ஆனால் என்னிடம் வந்த அந்தப் பையனும் அவன் கூட்டாளிகளும் மணிக்கணக்காக விவாதிப்பது யாருக்கு என்ன சக்தி என்பதைவிட, எவ்வளவு தாங்கும் என்பதைத்தான். சக்தி எல்லாமே இதில் உடம்பின் ஒரு வேலை. தசை மாதிரி. பழக்கினால் ஏறும், மீறினால் பிய்யும்.

டெகு படிக்கும் ஹீரோ பயிற்சிப் பள்ளியில் அவன் வகுப்புத் தோழி உராராகா தொட்ட பொருள் எடையிழந்து மிதக்கும். அளவு தாண்டினால் அவளுக்கு வாந்தி வரும். ஐசாவா என்ற வாத்தியார் முறைத்துப் பார்க்கும்வரை எதிராளியின் சக்தி வேலை செய்யாது. ஆனால் கண் வறண்டு போகிறது, எப்போதும் சொட்டு மருந்தும் கையுமாக இருக்கிறார். யாயோரோசு தன் உடம்புக் கொழுப்பிலிருந்து பொருட்களை உருவாக்குவாள், ஆகவே நிறையச் சாப்பிட்டாக வேண்டும். மின்சாரப் பையன் காமினாரி வோல்டேஜ் மீறினால் கொஞ்ச நேரத்துக்கு மண்டை மழுங்கிப் பெருவிரலைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நிற்பான். கெண்டைக்காலில் எஞ்சின் உள்ள ஈடாவுக்கு எரிபொருள் ஆரஞ்சு ஜூஸ். இதையெல்லாம் படிக்கும்போது கேஸ் ஷீட் படிப்பது போலவே இருந்தது.

டெகு விஷயத்தில் கணக்கு இன்னும் கறாரானது. ஆல் மைட்டின் சக்தி அவனுக்குக் கைமாறுகிறது. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த வலிமை. அதற்கு முன்னால் குப்பை மேடாகிக் கிடக்கும் கடற்கரையைப் பத்து மாதம் சுத்தம் செய்து உடம்பைத் தேற்றுகிறான். ஆல் மைட் உட்கார்ந்திருக்கும் ஃப்ரிட்ஜையே கயிறு கட்டி இழுக்கிறான். அவ்வளவு செய்தும் அந்த ஹீரோ பள்ளியின் நுழைவுத் தேர்வில் முதல் குத்திலேயே கையும் இரண்டு காலும் உடைகின்றன. அப்புறம் பள்ளியில் முதல் நாள், பந்து எறியும் சோதனை. இந்தத் தடவை முழுக் கையையும் பணயம் வைக்காமல் ஒரே ஒரு விரல் நுனியில் மட்டும் சக்தியை வைத்து எறிகிறான். 705.3 மீட்டர். விரல் ஒன்றுதான் போச்சு. சின்ன வயதிலிருந்தே அவனோடு போட்டி போடும் பாகுகோ எறிந்தது 705.2. அந்த 0.1 மீட்டரை வைத்து இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். நான் பார்த்தது அந்த விரலை. எவ்வளவு இழக்கலாம் என்று தானே முடிவு செய்த முதல் தடவை அது.

அஞ்சு பர்சன்ட் இரண்டாம் சீசனில் வருகிறது. கிரான் டொரினோ என்று ஒரு குள்ளக் கிழவர், ஆல் மைட்டுக்கே வாத்தியார். அவருக்கு மீன் வடிவத்தில் உள்ளே இனிப்பு வைத்த தையாகி என்ற பலகாரம் மேல் உயிர். டெகு அதை மைக்ரோவேவில் சூடுபண்ணிக் கொடுக்கிறான். கிழவர் கடித்தால் உள்ளே ஜில்லென்று இருக்கிறது. பெரிய தட்டாக வைத்ததால் அது உள்ளே சுழலவில்லை, ஒரு பக்கம் மட்டும் சூடாகியிருக்கிறது. டெகுவுக்கு அப்போதுதான் உறைக்கிறது: தானும் கையில் மட்டும், காலில் மட்டும் நூறு சதவீதம் ஏற்றி உடைத்துக்கொண்டிருக்கிறோம், உடம்பு முழுக்கக் கொஞ்சமாகப் பரப்பினால்? எழுந்து நின்று முயற்சி செய்கிறான். ஐந்து சதவீதம். உடல் நடுங்குகிறது, ஆனால் எதுவும் உடையவில்லை.

கல்லூரியில் எங்களுக்கு இதை ஒரு செமஸ்டர் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பாரத்தைப் படிப்படியாக ஏற்று, வலிக்கும் இடத்தை மட்டும் பார்க்காதே, முழுச் சங்கிலியையும் பார். ஒரு பலகாரத்தை வைத்து இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து கிளினிக்கில் மைக்ரோவேவ் உதாரணம் நானும் சொல்கிறேன், தையாகிக்குப் பதில் நேற்றைய இட்லி.

தொடர் நேர்மையாக இருக்கும் இன்னொரு இடம், ரெக்கவரி கேர்ள் என்ற பள்ளி நர்ஸ் பாட்டி. முத்தம் கொடுத்தால் காயம் ஆறும். ஆனால் ஆறுவதற்கான தெம்பு நோயாளியின் உடம்பிலிருந்தே எடுக்கப்படும். திரும்பத் திரும்பச் செய்தால் ஆளே போய்விடலாம். பள்ளி விளையாட்டு விழாவில் டெகு வகுப்புத் தோழன் டோடோரோகியோடு மோதும்போது விரல்களை ஒவ்வொன்றாகச் சுண்டி உடைத்து, உடைந்த விரலையே மறுபடி பயன்படுத்துகிறான். அதற்குப் பிறகு அந்தப் பாட்டி, இனிமேல் இப்படிப்பட்ட காயத்துக்கு நான் வைத்தியம் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிடுகிறாள். அவன் வலது கை கடைசிவரை கோணலாகவே இருக்கிறது. வரைபவர்கள் அதை மறக்கவே இல்லை. மூன்றாம் சீசனில் டாக்டர் இன்னும் இரண்டு மூன்று தடவை இப்படி ஆனால் கையே போய்விடும் என்று எச்சரித்த பிறகு, அவன் குத்துவதை விட்டுக் காலால் உதைக்கப் பழகுகிறான். மற்ற கதைகளில் ஹீரோ இந்த இடத்தில் வைராக்கியம் பேசுவார். இவன் ஷூவை மாற்றுகிறான்.

ஆல் மைட் கதையும் இதேதான். இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், தூண் மாதிரித் தோள், மற்ற எல்லோரையும் சாதாரண அனிமே பாணியில் வரைந்துவிட்டு அவரை மட்டும் பழைய அமெரிக்க காமிக்ஸ் மாதிரிக் கறுப்பு நிழல் போட்டு வரைந்திருப்பார்கள். அவர் குத்துகளுக்கு டெட்ராய்ட், டெக்சாஸ் என்று அமெரிக்க ஊர்ப் பெயர். உண்மையில் வயிற்றை அறுத்து எடுத்து, நுரையீரல் பாதி நாசமாகி, எலும்பும் தோலுமாக இரத்தம் கக்கிக்கொண்டிருக்கும் ஆள். கதை தொடங்கும்போது நாளைக்கு மூன்று மணி நேரம்தான் அந்தப் பெரிய உருவத்தில் இருக்க முடியும். சிரிப்பு எதற்கு என்றால் பயத்தை மறைக்க. இப்படிப்பட்ட நோயாளிகள் எனக்கு உண்டு. வெளியே ஆபீஸில் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள், பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு போவார்கள், சாயங்காலம் வந்து கட்டிலில் படுத்தால் திரும்ப முடியாது.

முகமூடி ஹீரோ ஜப்பானுக்குப் புதிது இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 1930களிலேயே தெருவில் படம் காட்டிக் கதை சொல்கிறவர்கள் மண்டையோட்டு முகத்தோடு பறக்கும் 'தங்க வௌவால்' கதை சொல்லியிருக்கிறார்கள். 1971இல் டிவியில் வந்த 'காமென் ரைடர்' தொடரின் நாயகன் ஹிரோஷி ஃபுஜியோகா படப்பிடிப்பில் பைக் விபத்தாகிக் காலை உடைத்துக்கொண்டார். கதையை நிறுத்தாமல் இரண்டாவதாக ஒரு ரைடரைக் கொண்டுவந்தார்கள். பிறகு இவரும் குணமாகித் திரும்பினார். ஹீரோ பட்டம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறலாம் என்ற வழக்கத்துக்கு ஒரு எலும்பு முறிவு கை கொடுத்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்குத் தொழில்முறையில் ஒரு சந்தோஷம்.

உலகமும் இதே மாதிரி நடைமுறைப்பட்டது. ஹீரோ என்றால் வேலை. லைசென்ஸ் இல்லாமல் பொது இடத்தில் சக்தியைப் பயன்படுத்தினால் குற்றம், யாரைக் காப்பாற்றினாலும் சரி. தற்காலிக லைசென்ஸ், அலுவலகம், தரவரிசைப் பட்டியல், உடைக்கு ஆர்டர் எல்லாம் உண்டு. உராராகா ஹீரோ ஆக விரும்புவதற்குக் காரணமே பணம். அப்பா அம்மாவின் கட்டுமானத் தொழில் சரியாக ஓடவில்லை. சொல்லும்போது வெட்கப்படுகிறாள். நுழைவுத் தேர்வில் ரோபோவை அடித்தால் மார்க் என்று அறிவித்துவிட்டு, பிறரைக் காப்பாற்றினால் தனி மார்க் என்பதை மறைத்துவைத்திருப்பார்கள். டெகு அடித்ததற்கு பூஜ்யம், காப்பாற்றியதற்கு 60. பாகுகோ அடித்ததற்கு 77, காப்பாற்றியதற்கு பூஜ்யம். கட்-ஆஃப் பார்த்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இதைவிட நன்றாகப் புரியும் உலகம் வேறு எது?

இதே வகையில் 'ஒன் பஞ்ச் மேன்' உண்டு. அதில் சைதாமா தினம் 100 தண்டால், 100 வயிற்றுப் பயிற்சி, 100 பஸ்கி, 10 கிலோமீட்டர் ஓட்டம் செய்து எல்லோரையும் ஒரே குத்தில் வீழ்த்தும் ஆள் ஆகிவிடுகிறான், முடிதான் போய்விட்டது. சிரித்துச் சிரித்துப் பார்த்தேன், ஆனால் ஓய்வு நாளே இல்லாத அந்த அட்டவணையை யாரும் பின்பற்றவேண்டாம்.

இனிக் குறைகள். மினேட்டா என்று ஒரு பாத்திரம். பெண் பிள்ளைகளைத் தடவுவதும் எட்டிப் பார்ப்பதும்தான் அவன் நகைச்சுவை. பதினைந்து வயதுப் பெண்களின் உடையை வரைந்திருக்கும் விதமும் பல இடங்களில் நெளியவைத்தது. வீட்டில் பெண் குழந்தையோடு உட்கார்ந்து பார்ப்பவர்கள் தெரிந்துகொண்டு உட்காருங்கள். ஐந்தாம் சீசனில் இரண்டு வகுப்புகள் மோதும் பயிற்சிப் போட்டி இழுத்துக்கொண்டே போகிறது. மங்காவில் இருந்த வரிசையையும் மாற்றி, வில்லன்களின் நல்ல பகுதியைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். நான் இரண்டு எபிசோடுக்குத் துணி மடித்தேன். கடைசிப் போரில் குத்து பாதி, பழைய நினைவு பாதி. அப்புறம், இவ்வளவு எலும்பு உடையும் பள்ளியில் ஒரு பிசியோகூட என் கண்ணில் படவில்லை.

அடுத்த பத்தியில் முக்கியமான முடிச்சு ஒன்று அவிழ்கிறது, பார்க்கப்போகிறவர்கள் தாண்டிவிடுங்கள்.

எண்டெவர் என்ற நம்பர் டூ ஹீரோ, ஆல் மைட்டைத் தான் முந்த முடியாது என்று தெரிந்து, முந்துவதற்கென்றே பிள்ளை பெறுகிறார். மூத்தவன் டோயாவின் நெருப்பு அப்பாவுடையதைவிடப் பெரியது. உடம்போ அம்மா வழியில் குளிருக்கு ஏற்றது. எரிக்க எரிக்க அவன் தோலே வேகிறது. அப்பா பயிற்சியை நிறுத்துகிறார். ஏன் என்று குழந்தைக்குப் புரிகிற மாதிரிச் சொல்லாமல், அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறார். டோயா யாருக்கும் தெரியாமல் மலைக்குப் போய்த் தனியாக எரித்துப் பழகுகிறான். மாநில அளவில் ஓடுகிற பிள்ளையை, எம்ஆர்ஐ பார்த்த அன்றே அப்பா கண்டுகொள்ளாமல் விட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் என்னிடம் கேட்டது முட்டியைப் பற்றி இல்லை. இந்த எபிசோடுகளைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

முடிவைப் பற்றி ரசிகர்கள் இரண்டு கட்சி. சக்தி போய் டெகு வாத்தியாராகிறான். எட்டு வருடம் கழித்து நண்பர்கள் பணம் போட்டுச் செய்த கவச உடை வருகிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்கிறது ஒரு கட்சி. நான் இன்னொரு கட்சி. போலியோ கால்களுக்குக் கேலிப்பர் மாட்டி நடக்கவைத்த தலைமுறையிடம் தொழில் கற்றவள் நான். வெளியிலிருந்து வந்த பலம் பலமில்லை என்று யாராவது சொன்னால் கொஞ்சம் கோபம் வரும்.

தொடர் முடிந்த கையோடு ஆன்லைனில் டெகு பொம்மை ஒன்று வாங்கினேன். பெட்டியைத் திறந்தால் வலது மணிக்கட்டு தனியாகக் கிடந்தது. திருப்பி அனுப்ப விண்ணப்பித்து, மூன்று வாரம் மெயில் போட்டு, கடைசியில் விட்டுவிட்டேன். பையனிடம் காட்டினால் விழுந்து விழுந்து சிரித்தான். "ஒரிஜினல்தான் ஆன்ட்டி, இப்படித்தான் வரும்" என்று சொல்லி மைக்ரோபோரில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொடுத்தான். அந்த டேப்பைக் கிழித்தது எந்தக் கை என்று கவனித்தேன். வலது.

புதிதாகப் பார்க்கிறவர்கள் முதல் இரண்டு சீசன், 38 எபிசோடு, பாருங்கள். தையாகி வரைக்கும் வந்தும் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். மினேட்டாவுக்காக அரை, ஐந்தாம் சீசனுக்காக அரை பிடித்தம்.